ஹார்ன் அடித்துப் பார்த்த ஊர்

ஒரு சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்துவருவதற்காக நான் விமானம் ஏறினேன். சைக்கிள் சென்னை அடையாறில் இருந்தது. நான் இருந்தது நெதர்லாந்தில், மழையையும் மாட்டையும் தவிர வேறெதுவும் விளையாத ஒரு சின்ன ஊரில். அங்கே ஒரு பால்பவுடர் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாக இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போனில் அக்கா அழுதாள். என் அக்கா ராஜேஸ்வரி எளிதில் அழுகிறவள் இல்லை, பிறரை அழவைக்கிற ரகம். அவள் வீட்டுக்காரர், எனக்கு அத்தான், பெயர் சண்முகவேல். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை வைத்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் அவருக்குக் காது போய்விட்டது. இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதில் மெஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கும். கடையில் மெஷினை மாட்டிக்கொள்வார். விடியற்காலையில் சைக்கிளை எடுக்கும்போது கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவார். காற்றும் வண்டிச் சத்தமும் சேர்ந்து மண்டைக்குள் யாரோ அண்டா உருட்டுவதுபோல் இருக்கிறதாம்.

"தண்ணி லாரிக்காரன் பின்னாடியே வந்து பத்து ஹார்ன் அடிச்சிருக்கான். இவுக திரும்பியே பாக்கலியாம். எதுத்த வீட்டுக்காரரு பாத்துட்டு வந்து சொல்லுதாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீ வா செல்வம். வந்து அந்தச் சைக்கிளப் பூட்டிச் சாவியக் கையோட கொண்டுபோயிரு" என்றாள்.

சென்னையில் பூட்டு உடைக்க ஆளா இல்லை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சைக்கிள் விஷயத்தில் என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள் என்ற கொழுப்பும் ஒரு காரணம். நான் இருக்கும் ஊரில் சைக்கிளுக்குத் தனிப்பாதை, தனி சிக்னல். கார்க்காரன் நம்மைக் கண்டால் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தியைக் கண்டதுபோல் ஒதுங்கி நிற்பான். அங்கிருந்து தொடை தடிமனில் ஒரு சங்கிலிப் பூட்டும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். சுங்கத்தில் அதை எடுத்து வெளியே வைத்து இரண்டு பேர் பார்த்தார்கள். யாரைக் கட்டிப்போட என்று கேட்டார் ஒருவர். அத்தானை என்று சொன்னேன்.

விமான நிலையத்திலிருந்து வந்த டாக்ஸிக்காரர் வழியில் ஒருத்தருக்கும் இடம் கொடுக்கவில்லை. பஸ்ஸுக்குக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூட வேனுக்குக் கொடுக்கவில்லை. ரோட்டைக் கடந்த பசுமாட்டைக்கூட முறைத்துவிட்டுத்தான் விட்டார். கிண்டி தாண்டியதும் திடீரென்று வண்டியை விரட்டி ஒரு மோட்டார் சைக்கிளைத் துரத்த ஆரம்பித்தார். கண்ணாடியை இறக்கிக் கத்தினார். அவன் திரும்பாமல் ஓடினான். இரண்டு சிக்னல் துரத்திப் பக்கத்தில் போய்க் கையை ஆட்டி மறுபடி கத்தினார். வந்த முதல் நாளே கொலைக்குச் சாட்சி சொல்ல வேண்டிவரும் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவன் குனிந்து பார்த்தான், காலால் எதையோ பின்னால் தள்ளினான், தலையை ஒரு இஞ்ச் அசைத்துவிட்டுப் போனான்.

"என்ன பிரச்னை?" என்றேன்.

"ஸ்டாண்டு எடுக்காம போய்க்கினு கீறான் சார். லெஃப்ட்ல சாஞ்சான்னா ஸ்டாண்டு தரையில குத்தி ஆளத் தூக்கி அடிச்சிரும். வூட்ல புள்ளகுட்டி இருக்கும்ல."

"ஒரு தேங்க்ஸ் சொல்லலையே?"

"தேங்க்ஸ் சொல்றதுக்கா துரத்திகினு வந்தேன்?" என்று சொல்லிவிட்டு, பின்னால் விளக்குப் போட்டுக் கெஞ்சிய ஒரு காருக்கு வழிவிடாமல் மத்தியகைலாஷ் வரை நடுரோட்டிலேயே போனார். இந்த மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

அக்கா வீட்டில் சாளைமீன் குழம்பு. பத்தொன்பது வருஷம் காய்ந்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்ற நாக்கு அதைக் கண்டதும் மானம் மரியாதையை விட்டது. மூன்றாவது தட்டு சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் கடையிலிருந்து வந்தார். ஐம்பத்தெட்டு வயது, சின்ன உடம்பு, பெரிய குரல். காது போனபிறகு குரல் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

"சாவி வாங்க வந்திருக்கியாக்கும்?" என்றார்.

அக்கா ரசத்தைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அத்தானே வழி சொன்னார். "ரெண்டு மூணு நாள் எங்கூட ஓட்டு மாப்ளே. ஓட்டிப் பாத்துட்டு நீயே சொல்லு. பூட்டணும்னு நீ சொன்னா, நானே உன் கையில சாவியத் தாரேன்." அத்தான் கடையில் ஒரு விலைதான் சொல்வார், அதிலிருந்து இறங்க மாட்டார். பேச்சிலும் அப்படித்தான்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அக்கா மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன சைக்கிள் எனக்கு. அத்தானுடையதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. கைப்பிடியின் இரண்டு பக்கமும் ஆட்டோவிலிருந்து கழற்றிய வட்டக் கண்ணாடிகள். இந்த ஊரில் மோட்டார் சைக்கிள்காரர்களே கண்ணாடியைத் தலைசீவ மட்டும் வைத்திருக்கிறார்கள்.

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் காலையில் மூன்று சாதிசனம் இருக்கிறது. நடப்பவர்கள் நான்கு பேராகக் கைகோத்த மாதிரி சாலையை அடைத்துக்கொண்டு மருமகளைப் பற்றிப் பேசுகிறார்கள். ஓடுபவர்கள் நடைபாதையில் ஓடமுடியாது, ஏனென்றால் அங்கே மோட்டார் சைக்கிள் நிற்கிறது. எனவே ரோட்டில், எதிர்த்திசையில், காதில் பாட்டோடு ஓடுகிறார்கள். மூன்றாவது, உடம்போடு ஒட்டிய பளபள உடுப்பில் பறக்கும் சைக்கிள்காரர்கள். இவர்கள் ரேஸில் முந்துகிற நினைப்பில், வாக்கிங் வந்த தாத்தாவைப் பார்த்து "ரைட்ல, ரைட்ல" என்று கத்துகிறார்கள். தாத்தா வலதுபக்கம் ஒதுங்குகிறார். அவர்களும் வலதுபக்கம்தான் வருகிறார்கள். அப்புறம் நடப்பதை எழுதினால் நன்றாக இருக்காது.

இத்தனைக்கும் நடுவில் அத்தான் தண்ணீரில் வழுக்கும் சோப்புபோல் போனார். பத்து மிதிக்கு ஒருமுறை கண்ணாடி. திரும்புவதற்கு முன் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை, உள்ளங்கையை விரித்து ஒரு கை. எந்த வேகத்தில் வந்தவனும் அந்தக் கையைக் கண்டு கொஞ்சம் வளைந்து போனான். திட்டிக்கொண்டேதான் போனான், ஆனால் வளைந்து போனான்.

மயிலாப்பூர் போகும் வழியில், மந்தைவெளியில், என் ஐரோப்பிய ஒழுக்கம் வெளிப்பட்டது. கோடு போட்ட இடத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா கடக்க நின்றுகொண்டிருந்தார். நான் சைக்கிளை நிறுத்தி, போங்கம்மா என்று கை காட்டினேன். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் என் சக்கரத்தில் முட்டி, "இன்னா சார், செயின் கயண்டுக்கிச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார். அவருக்குப் பின்னால் ஒரு கச்சேரியே தொடங்கியது. அந்த அம்மா நகரவில்லை.

"நீ போப்பா" என்றார்.

"நீங்க போங்கம்மா, உங்களுக்காகத்தான் நிக்கிறேன்."

"உன்ன நம்பி நான் எறங்க, உனக்குப் பின்னாடி வர்றவன் நிப்பானா? நீ போனாத்தான் நான் போவ முடியும். போ."

போனேன். அந்த அம்மா கூடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, ஒரு உள்ளங்கையை மட்டும் விரித்து, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார். பஸ், ஆட்டோ எல்லாம் இரண்டு பக்கமும் கிளையாகப் பிரிந்து போயின. நான் நின்றபோது நடக்காத காரியம் நான் தொலைந்ததும் நடந்தது.

மயிலாப்பூர் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டலில் பொங்கல், வடை, காப்பி. பொங்கலில் நெய் மிளகைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் மெஷினை மாட்டிக்கொண்டார். தண்ணி லாரியைப் பற்றிக் கேட்டேன்.

"கண்ணாடியில பாத்தேனே. அவன் வாரது நல்லாத் தெரிஞ்சுது. இந்தப் பக்கம் மெட்ரோக்காரன் தகரம் அடிச்சு வச்சிருக்கான். எங்க ஒதுங்க? பத்து ஹார்ன் அடிச்சா தகரத்துக்குள்ள பூந்துருவேனா?"

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயத்தைக் கேட்டு அடங்குகிற மூளையா எனக்கு? நெதர்லாந்தில் காது கேளாதவர்கள் சைக்கிளின் பின்னால் ஒரு சின்னப் பலகை மாட்டிக்கொள்வார்கள். அதைப் பார்த்ததும் பின்னால் வருபவர்கள் மணி அடிக்காமல், நல்ல இடைவெளி விட்டு, மெல்ல முந்துவார்கள். அதையே இங்கே மாட்டினால் சைக்கிளும் பிழைக்கும், அக்காவின் உயிரும் தங்கும். அடுப்படியில் அக்காவிடம் சொன்னேன். அவளுக்கும் பிடித்துப்போனது.

"அவுககிட்டக் கேக்க வேண்டாம். வேண்டாம்னுவாவ. மாட்டி விட்டுட்டு அப்புறம் சொல்லிக்கிடலாம்" என்றாள். எனக்கும் அது சரி என்றே பட்டது. இந்தப் பயணத்தில் நான் செய்த ஆகப்பெரிய மடத்தனம் அந்தத் தலையாட்டல்தான்.

மூன்றாம் நாள், லஸ் பக்கம் நம்பர் பிளேட் எழுதும் கடைக்குப் போனேன்.

"இன்னா எழுதணும்?"

"காது கேட்காது, ஹார்ன் அடிக்காதீர்."

கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உரக்க, "உங்களுக்கா சார்?" என்றார். எங்கள் அத்தானுக்கு என்றேன். "பாவம்" என்றார். கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து. வாங்கிப் பார்த்தால், கீழே நான் சொல்லாத ஒரு வேலும், அதற்குப் பக்கத்தில் "யாமிருக்க பயமேன்" என்றும் இருந்தது. "இடம் காலியா இருந்துச்சு சார், சும்மா வுட வேணாமேன்னு போட்டேன்" என்றார். அன்று சாயங்காலம் அத்தான் கடையிலிருந்து வருவதற்குள் சீட்டுக்குக் கீழே திருகாணி போட்டு முடுக்கிவிட்டேன்.

நான்காம் நாள். அத்தான் முன்னால், நான் பின்னால், போர்டு நடுவில். அடையாறு பாலம் ஏறும்வரை ஒன்றும் இல்லை. பாலத்தின் மேல் முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. போர்டைப் படித்தான். வேகம் குறைத்தான். ஆகா, மனிதன் என்று நினைத்தேன். அத்தான் முதுகுக்கு நேராக வந்து ஹார்ன் அடித்தான். அத்தான் திரும்பவில்லை. இன்னொருதரம், நீளமாக அடித்தான். பிறகு என்னைப் பார்த்து, "ஆமாங்க, கேக்கல" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அது ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. வந்தவன் எல்லாம் அடித்துப் பார்த்தான். ஒரு வேன்காரர் மூன்று விதமான ஹார்ன் வைத்திருந்தார், மூன்றையும் சோதித்தார். சும்மா போயிருக்க வேண்டியவர்கள்கூட அந்தப் போர்டுக்காகவே அடித்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எழுதியிருந்தால் நம்பிவிடுகிற ஊர் இல்லை இது, அவ்வளவுதான். ஓர் ஆட்டோக்காரர் என் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்.

"நெஜமாவே கேக்காதா நைனா?"

"கேக்காது."

"பொறவிலயேவா?"

"இல்ல, காய்ச்சல் வந்து."

"எங்க மச்சினிக்கும் இப்படித்தான் ஆச்சு. சிந்தாதிரிப்பேட்டைல ஒரு டாக்டரு கீறாரு. இட்டுகினு போ. ஆமா, காது கேக்காத ஆள ரோட்ல வுட்டுட்டு நீ பின்னாடி இன்னா வேடிக்க பாத்துகினு வர்ற?" பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், முன்னால் போய், அத்தானுக்குப் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கி, எட்டிப் பார்த்து, கையைக் கூப்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நோயாளியைப் பார்க்கப் போனவர் கிளம்பும்போது போடுகிற கும்பிடு அது.

அத்தானின் கழுத்து என்றைக்கும் இல்லாமல் அடிக்கடி திரும்பியது. முந்திப்போன ஒவ்வொருவரும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்கள். பஸ் ஜன்னலில் இருந்து ஒரு பெண்மணி உச்சுக் கொட்டியது எனக்கே தெரிந்தது. குளத்தருகே ஓட்டல் வாசலில் சைக்கிளை நிறுத்தியவர் பின்னால் வந்து பார்த்தார். போர்டைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு ஓட்டலுக்குள் போய் ஒரு ஸ்பூன் வாங்கிவந்து, அதன் காம்பாலேயே திருகாணியைக் கழற்றி, போர்டை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். பொங்கல் வந்தது. தொடவில்லை. மெஷினை எடுத்து மாட்டினார்.

"கடையில நான் செவிடன் மாப்ளே. வெல கேக்கவன் என்னப் பாத்துக் கேக்க மாட்டான், பக்கத்துல நிக்கவனப் பாத்துக் கேப்பான். வீட்டுலயும் செவிடன். கல்யாண வீட்டுப் பந்தியில எனக்குப் பக்கத்து எல காலியாவே கெடக்கும், யாரு கத்திப் பேசன்னு. இந்த ரோட்டுல மட்டுந்தான் எவனுக்கும் தெரியாது. இந்த ஊர்ல ஹார்ன் அடிச்சா எவன் திரும்புதான்? காது கேக்கவனும் கேக்காத மாதிரிதான போறான். அங்க நான் எல்லாரு மாதிரியும் இருந்தேன். அதுலயும் கொண்டு போர்ட மாட்டிட்டியே."

குரலை உயர்த்தவில்லை. அவ்வளவு மெல்லப் பேசி அவரை நான் கேட்டதே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. பொங்கலில் மிளகைப் பொறுக்குவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். "மன்னிச்சிருங்க அத்தான்" என்றேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. நாளையிலிருந்து கூட வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். பூட்ட வேண்டாம் என்பதையும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "அவமானமாவது ஆறிப்போவும். லாரிக்காரன் ஏத்திட்டா எது ஆறும்? நான் என் கண்ணால பாக்காம விடமாட்டேன். பாத்துட்டு நாளைக்கே பூட்டிருவோம்" என்றாள். பூட்டை எடுத்துக் கூடத்து மேஜையில் வைத்தாள். அத்தான் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஐந்தாம் நாள் அத்தான் தனியாகக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பியதும் அக்காவின் பழைய ஸ்கூட்டரை அவசர அவசரமாக எடுத்தேன். என் பையில் அந்தப் போர்டு, அக்கா மடியில் பூட்டு. இருவரும் தலைக்கவசத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு, கள்ளப் புருஷனைக் கண்காணிக்கிற மாதிரி ஐம்பது அடி பின்னால் போனோம். பாலத்தில் ஒரு பஸ் அவரை ஒட்டி வந்தது. அக்காவின் விரல்கள் என் தோளில் பதிந்தன. அத்தான் கண்ணாடியைப் பார்த்தார், கையை விரித்தார், பஸ் ஒரு முழம் விலகிப் போனது. அக்காவின் விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன.

மந்தைவெளியில், மெட்ரோ தகரம் ரோட்டைப் பாதியாகக் குறுக்கிய இடத்தில், எங்களுக்குப் பின்னால் ஹார்ன் பொங்கியது. ஓர் ஆட்டோ விடாமல் அடித்தது. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஏதோ கத்தினார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று எரிச்சலோடு போய்க்கொண்டிருந்தேன். அப்போது அத்தான் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டார். கழுத்தைத் திருப்பி நேராகவே பார்த்தார். முகம் மாறியது. கையை வேகமாக ஆட்டினார், குதிகாலால் காற்றைப் பின்னால் உதைத்தார்.

"பாத்துட்டாவ. திரும்பிப் போவச் சொல்லுதாவ. ரொம்பக் கோவமா இருக்காவ. தப்பிச்சுப் போயிரு" என்றாள் அக்கா.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இடதுபக்கம் ஒரு தெரு தெரிந்தது. அதில் புகுந்து ஓடிவிடலாம் என்று வேகத்தை ஏற்றினேன். அத்தான் சைக்கிளை அப்படியே குறுக்கே திருப்பி, தெரு வாசலில், எங்கள் சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றார். நான் பிரேக்கை அழுத்தினேன். ரோடு முழுக்க நின்றது. தண்ணி லாரி, பஸ், ஆட்டோ எல்லாம் சேர்ந்து அடித்த ஹார்னில் என் பல் ஆடியது. அத்தான் ஒன்றுமே நடக்காதவர்போல இறங்கி, குனிந்து, கையால் ஸ்கூட்டரின் இடதுபக்கம் எதையோ டக்கென்று தள்ளிவிட்டார்.

ஸ்டாண்டு. வீட்டிலிருந்து அதை எடுக்காமலே வந்திருந்தேன். அந்த வேகத்தில் இடதுபக்கம் சாய்த்திருந்தால் பின்னால் உட்கார்ந்திருந்த அக்காதான் முதலில் விழுந்திருப்பாள், லாரிக்கு முன்னால்.

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"ஸ்டாண்டு ஸ்டாண்டுன்னு பாலத்துலேர்ந்து தொண்ட கிய்ய கத்திகினு வரேன். ரெண்டு பேருக்கும் காது கேக்காதா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒவ்வொரு வண்டியாக எங்களைச் சுற்றி வளைந்து நகர்ந்தது. அத்தான் மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டு, "என்ன சொன்னான்?" என்றார். சொன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு தகரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அந்தப் போர்டத் தூர எறிஞ்சிராத மாப்ளே. இந்த ஸ்கூட்டருல மாட்டு."

அக்கா சிரிக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கினாள். கையிலிருந்த பூட்டை என் பையில் போட்டாள். அத்தானுக்கு எதிரே போய், அவர் கைப்பிடியில் கோணிப்போயிருந்த ஒரு கண்ணாடியைப் பிடித்து நேராக்கினாள்.

"நாளைக்கும் போங்க. ஏழு மணிக்குள்ள வந்துருங்க, இட்லி ஆறிப்போவும்" என்றாள்.

அத்தான் காதிலிருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"கேக்கல. இன்னொருதரம் சொல்லு" என்றார்.

அக்கா நடுரோட்டில் நின்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக, முதலிலிருந்து சொன்னாள்.